‘டயர்ட் ஆஃப்’ எழுதி மாட்டிக்கிட்ட கதை: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அரையாண்டுத் தேர்வு முடிந்து 4 செக்‌ஷன் விடைத்தாள். ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்து திருத்தியதில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒருநாள் லீவ் கேட்டு இங்கிலீஷில் லெட்டர் எழுதினேன்: ‘ஐ ஆம் டயர்ட் ஆஃப் கரெக்டிங் பேப்பர்ஸ். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்.’

மதியம் கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு அனுப்பினார். லெட்டர் மேசை மேல் விரித்தபடி கிடந்தது. “ஏம்மா, வேலை பிடிக்கலைன்னா நேரா சொல்லிடலாமே, லீவ் லெட்டர்ல எதுக்கு எழுதுறீங்க?” எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னென்னவோ உளறிவிட்டு வந்தேன். ஸ்டாஃப் ரூமில் இங்கிலீஷ் சார்தான் விளக்கினார். ‘டயர்ட் ஃப்ரம்’ என்றால் திருத்தித் திருத்திக் களைத்துப் போச்சு. ‘டயர்ட் ஆஃப்’ என்றால் திருத்தித் திருத்தி அலுத்துப் போச்சு, இனி என்னை விட்டுவிடுங்கள்.

நமக்குக் களைப்பு வேறு, அலுப்பு வேறு. தனித்தனிச் சொல் இருக்கிறது. அவர்கள் ஒரே ‘டயர்ட்’டை வைத்துக்கொண்டு பின்னால் வரும் குட்டிச் சொல்லை மாற்றியே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். பள்ளி, கல்லூரி எல்லாம் முடித்து வந்த எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பியதோடு சரி.

லீவ் கிடைத்தது. அரை நாள்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

டீச்சர், சிரித்து முடியவில்லை. என் கதை வேலைக்கு விண்ணப்பித்தபோது நடந்தது. பி.காம். முடித்த கையோடு ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பிய பயோடேட்டாவில் ‘ஐ ஆம் ஃபெமிலியர் டு டேலி அண்ட் எக்செல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். இன்டர்வியூவில் அந்தப் பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: “டேலிக்கு உங்களைத் தெரியும்னு போட்டிருக்கீங்க. சரி, உங்களுக்கு டேலி தெரியுமா?”

தப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ‘எனக்கு டேலி தெரியும்’ என்கிறோம் இல்லையா, அந்த ‘க்கு’தான் ‘டு’வாகி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உட்கார வேண்டியது என் மேல். நான் அதை டேலி மேல் உட்கார வைத்துவிட்டேன். டேலியை எழுவாயாக்கினால் ‘டேலி இஸ் ஃபெமிலியர் டு மீ’ சரி. என்னை எழுவாயாக்கினால் ‘ஃபெமிலியர் வித்’. வேலை கிடைத்தது. ஆனால் அங்கே இருந்த 3 வருஷமும் “டேலிக்குத் தெரிஞ்ச பையன் எங்கப்பா?” என்றுதான் என்னைத் தேடுவார்கள்.

*

நான் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இது சிரிப்புக் கதை இல்லை, கொஞ்சம் பயந்துபோன கதை.

வந்த புதிதில் நைட் டியூட்டி. மறுநாள் காலை ஆபரேஷன் இருந்த பெரியவர் தூங்காமல் கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். டியூட்டி மாற்றும்போது எழுதும் குறிப்பில் ‘பேஷன்ட் ஆங்ஷஸ் ஃபார் சர்ஜரி’ என்று எழுதினேன். ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறார் என்று சொல்ல வந்தேன். ‘ஆங்ஷஸ் அபௌட்’ என்றால்தான் அந்தப் பயம். ‘ஆங்ஷஸ் ஃபார்’ போட்டால் எப்போது நடக்கும் என்று தவித்துக் காத்திருக்கிறார் என்று ஆகிவிடும். காலையில் வந்த சிஸ்டர் அப்படித்தான் படித்தார். அவரிடம் போய், “எல்லாம் தயார், சீக்கிரமே முடித்துவிடலாம்” என்று உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். பெரியவர் அழுதுவிட்டார்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. அந்த ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து பெயரடையைத் தனியாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். ‘அலர்ஜிக் டு’, ‘நெகட்டிவ் ஃபார்’, ‘ரெசிஸ்டன்ட் டு’ என்று ஒட்டியே படிக்கிறேன், மாத்திரை பெயரோடு அளவையும் சேர்த்துப் படிப்பது மாதிரி. ‘அலர்ஜிக்’ பின்னால் ‘ஃபார்’ போட்டாலும் எல்லாருக்கும் புரியும், நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. புரியாத தப்புகூடப் பரவாயில்லை, யாராவது என்ன என்று கேட்பார்கள். வேறு மாதிரி புரிகிற தப்புதான் ஆபத்து. அதை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

*

டீச்சருக்கு ஒரு சின்னத் திருத்தம். ‘உடம்பு அலுப்பா இருக்கு’ன்னா களைப்புதானே? அலுப்பு மருந்துன்னு கடையில விக்கிறது சலிப்புக்கா? ‘திருத்தி அலுத்துப் போச்சு’ன்னு சொன்னாத்தான் மனசு விட்டுப் போச்சுன்னு அர்த்தம். ஆக நாமளும் ஒரே சொல்லை வெச்சு வாலை மாத்தி ஓட்டுறவங்கதான்.

*

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவன் என்ற முறையில் என் பங்கு. முதல் கட்டுரையில் ‘சிக்னிஃபிகன்ட்லி டிஃப்ரண்ட் வித்’ என்று 11 இடத்தில் எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் 11 இடத்திலும் வட்டம் போட்டிருந்தார். மனசுக்குள் ‘அதோடு ஒப்பிட்டால்’ என்று ஓடியது, அந்த ‘ஓடு’ ‘வித்’ ஆகிவிட்டது. தமிழில் ‘அதிலிருந்து வேறுபட்டது’ என்று நினைத்திருந்தால் ‘ஃப்ரம்’ தானாக வந்திருக்கும். தமிழ் எப்போதும் காலை வாருவதில்லை, சில சமயம் நாம்தான் அது சொல்வதைக் கேட்பதில்லை.

காலை வாரியது வேறு இடம். ‘டிபெண்டென்ட் ஆன்’ என்பதால் ‘இன்டிபெண்டென்ட் ஆன்’ என்று எழுதினேன். தப்பு. பிறகு ‘ஃப்ரம்’ என்று மாற்றினேன், ‘இன்டிபெண்டென்ஸ் ஃப்ரம் பிரிட்டன்’ என்று படித்திருக்கிறோமே. அதையும் அடித்து ‘ஆஃப்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பெயர்ச்சொல்லுக்கு ஒன்று, பெயரடைக்கு ஒன்று, எதிர்ச்சொல்லுக்கு இன்னொன்று. அப்பா, மகன், பேரன் மூவருக்கும் மூன்று இனிஷியல் மாதிரி.

காரணம் தெரிந்து நிம்மதியான ஒரே இடம் ‘சுப்பீரியர் தன்’. சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் எல்லாம் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவங்கள். ‘விட மேலான’ என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் இங்கிலீஷின் ‘தன்’ அங்கே ஒட்டாது, ‘டு’தான். காரணம் தெரிந்தபின் அதில் நான் தவறியதே இல்லை.

*

நான் யாழ்ப்பாணத்தில படிச்சு இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். மகளின்ர கட்டுரையில ‘டிஃப்ரண்ட் தன்’ எண்டு கண்டவுடன சிவப்புப் பேனையால வெட்டிப்போட்டு ‘ஃப்ரம்’ எண்டு எழுதிக் குடுத்தன். ரீச்சர் என்ர வெட்டை வெட்டி, பிள்ளை எழுதினது சரி எண்டு போட்டு அனுப்பினவா. வீட்டில எனக்கு இருந்த மரியாதை அண்டைக்கே போச்சு.

பிறகு தேடிப் பாத்தன். ‘ஃப்ரம்’ எல்லா இடமும் செல்லும். ‘டு’ பிரித்தானியர் கதைக்கிறது, ‘தன்’ வட அமெரிக்காவில வழக்கம். ‘ஃப்ரம்’ மட்டும்தான் சரி எண்ட எண்ணத்தை, இங்கிலீஷ் சொல் வழக்குக்குப் பேர்போன அகராதி எழுதின ஃபௌலர் 1926 இலேயே மூடநம்பிக்கை எண்டு எழுதிப்போட்டார். எனக்குப் படிப்பிச்ச மாஸ்டர் அதைப் பாக்கேல்லைப் போல. அவரிட்ட இதுக்காக ரெண்டு அடி வாங்கினனான், அதை இப்ப ஆரிட்டப் போய்த் திருப்பிக் கேக்கிறது?

*

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்னது மனசைவிட்டுப் போகவில்லை. என் கரஸ்பாண்டென்ட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு வேலை பிடிக்கவில்லை என்று முடிவே செய்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

போன வாரம் அவரே கையெழுத்துப் போட்டு ஒரு சர்க்குலர் வந்தது. ‘கிளாஸ் டீச்சர்ஸ் ஆர் ரெஸ்பான்சிபிள் டு த மொபைல் போன்ஸ் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்.’ ‘ஃபார்’ போட்டிருந்தால் போன்களுக்கு நாங்கள் பொறுப்பு. ‘டு’ போட்டதால் போன்கள் எங்களுக்கு மேலதிகாரி, நாங்கள் அவற்றிடம் கணக்குச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் சார் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். ஒரு நகல் எடுத்து என் லீவ் லெட்டரோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.