சனிக்கிழமை மாடியில் கூழ் வடாம்

வெள்ளி, இரவு 8.10
நடு வீட்டு அண்ணி: எல்லோருக்கும் வணக்கம். நாளை எங்கள் மொட்டை மாடியில் வடாம் பிழியப் போகிறோம். 2 படி பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மில்லில் அரைத்து வாங்கி வந்துவிட்டேன். அரைப் படி ஜவ்வரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டதால், 8 மணிக்கு மேல் ஸ்ரீரங்கத்தில் எந்த மாடியிலும் கால் வைக்க முடியாது. எனவே 4 மணிக்கே அடுப்பை மூட்டிவிடுவோம்.

கோடி வீட்டு மாமி: பித்தளை நாழியும் தேன்குழல் அச்சும் நான் கொண்டு வருகிறேன். விரிப்பதற்குப் பழைய பருத்தி வேட்டிகள் 4 துவைத்து வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாளிலிருந்து வடாமை எடுப்பது சுலபம்தான் என்றாலும், கொதிக்கும் கூழை அதன்மேல் பிழிய எனக்கு மனம் வரவில்லை.

பெரியம்மா: முழங்கால் வலியால் இந்த வருடம் என்னால் மாடிப்படி ஏற முடியாது. உப்பில் மட்டும் கவனமாக இருங்கள். கூழில் சரியாக இருக்கும் உப்பு, காய்ந்த பிறகு கரித்துவிடும். வாயில் போட்டால் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். இறக்கியதும் ஒரு கிண்ணம் கீழே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வெள்ளி, இரவு 11.45
சென்னைத் தம்பி: அண்ணி, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம். சுடச்சுடக் கூழில் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் இன்னும் தூங்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் இறங்கி நேராக மாடிக்கே வந்துவிடுகிறோம்.

சனி, காலை 5.25
நடு வீட்டு அண்ணி: பெரியம்மா, கூழ் நீர்த்துப் போய்விட்டது. நாழியில் போட்டால் இழையாக நிற்காமல் ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்கட்டுமா?

பெரியம்மா: சேர்க்காதே அம்மா, கட்டி தட்டிவிடும். பாதியைத் தனியாக எடுத்துக் கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றிவிடுங்கள், அது இலை வடாம் போலக் காயட்டும். மீதியை அடுப்பைத் தணித்துக் கிளறிக்கொண்டே இருங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, அதன் பிறகே எலுமிச்சைச் சாற்றை விடுங்கள்.

சனி, காலை 6.05
எதிர் வீட்டு சார்: தம்பியும் நானும் துடுப்பை மாற்றி மாற்றிப் பிடித்ததில் பதம் வந்துவிட்டது. பெரியவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே வருகிறான்.

பெரியம்மா: உப்பு போதும். பச்சை மிளகாய் இன்னும் நான்கை அரைத்துச் சேருங்கள். பெருங்காயம் நன்றாக மணக்கிறது. இத்தனை வருடங்களாக நான் தனியாகக் கிளறிய கூழ், இன்று ஐந்து வீட்டார் கையில் கிளறப்பட்டு என் கிண்ணத்துக்கு வந்திருக்கிறது. சாப்பிடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சனி, காலை 7.40
கோடி வீட்டு மாமி: நான்கு வேட்டிகளும் நிறைந்துவிட்டன. காக்கை வராமலிருக்கக் கறுப்புக் குடையை விரித்து நட்டு, ஓரங்களில் காய்ந்த மிளகாய் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி நிழலில் காவல் இருக்கிறார்கள். 9 மணிக்கு மேல் அவர்களைக் கட்டாயம் கீழே அழைத்து வந்துவிட வேண்டும், இந்த வெயில் அவர்களுக்கு ஆகாது.

சனி, பகல் 12.30
எதிர் வீட்டு சார்: நுங்கு 30 கண் வாங்கி வந்திருக்கிறேன், எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நீர்மோரும் பானையில் இருக்கிறது. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்கள் மதியச் சமையலுக்கென்று மறுபடி அடுப்பை மூட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே வடித்திருக்கிறோம்.

சனி, மாலை 5.15
நடு வீட்டு அண்ணி: மேல்பக்கம் நன்றாகக் காய்ந்துவிட்டது. வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்துக்கொண்டிருக்கிறோம். நாளையும் மறுநாளும் தாம்பாளங்களில் பரப்பி, ஒடித்தால் சத்தம் கேட்கும் வரை காயவைத்து, பிறகு வீட்டுக்கு ஒரு டப்பாவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பெரியம்மா: எல்லாவற்றையும் மாடியிலேயே உரித்து முடித்துவிடாதீர்கள். ஒரு வேட்டியை அப்படியே சுருட்டாமல் இருவராகப் பிடித்துக் கீழே கொண்டு வாருங்கள். கூடத்தில் விளக்கைப் போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்னவனையும் அனுப்புங்கள், ஒடியாமல் உரிப்பது எப்படி என்று அவனுக்குக் காட்ட வேண்டும்.