174 போயிடுச்சுன்னு க்ளையண்ட் குதிக்கிறார், சென்னை டீமை என்ன பண்றது?

ஃப்ரிமாண்ட்_கணக்கு (9 பிப்ரவரி 2026, இரவு 11.40)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சுட்டு அமெரிக்கா வந்து என்ரோல்டு ஏஜென்ட் (வரிக் கணக்காளர் உரிமம்) பரீட்சை எழுதினவ நான். சொந்தமா கடை போட்டு இது நாலாவது சீசன். ஒரு ஃபைலை வச்சுக்கிட்டு மூணு நாளா முழிக்கிறேன்.

க்ளையண்ட் சன்னிவேல்ல இருக்கார். பல் டாக்டருங்க அப்பாயின்ட்மென்ட் போடுற சாஃப்ட்வேர் பண்றார், எஸ் கார்ப்பரேஷன் (கம்பெனி லாபத்துக்குப் பங்குதாரரே தன் ரிட்டர்ன்ல வரி கட்டுற வகை), அவர் ஒருத்தர்தான் பங்குதாரர். மனைவிக்கு வெளியில வேலை, 1.8 லட்சம் டாலர் சம்பளம். போன சனிக்கிழமை காலையில போன்: "அக்கா, 174 போயிடுச்சாமே! வாட்ஸ்அப்ல வந்துச்சு. மொத்தத்தையும் கழிச்சுட்டு பழைய பணத்தையும் வாங்கிக் குடுங்க." குரல்ல தீபாவளி. 174ங்கிறது சாஃப்ட்வேர் எழுதற செலவு உள்பட ஆராய்ச்சிச் செலவை எத்தனை வருஷத்துல கழிக்கணும்னு சொல்ற ஃபெடரல் வரிச் சட்டப் பிரிவு.

விஷயம் என்னன்னா 2022, 23, 24 மூணு வருஷமும் டெவலப்பருங்க எல்லாம் இங்கயே இருந்தாங்க. வருஷத்துக்கு 4 லட்சம் டாலர். பழைய விதிப்படி அஞ்சு வருஷமாப் பிரிச்சு, முதல் வருஷம் ஒரு வருஷப் பங்குல பாதிதான் கழிக்கணும்னு இருந்துச்சே, அதுல மாட்டி கையில வராத லாபத்துக்கு வரி கட்டினார். கட்டி நொந்துபோய், செலவைக் குறைக்கிறேன்னு 2025 ஜனவரியில ஆறு பேர் வேலையை சோழிங்கநல்லூர்ல மச்சான் நடத்துற பிரைவேட் லிமிடெட்டுக்குக் குடுத்துட்டார். அவர் குடுத்து ஆறே மாசத்துல, 2025 ஜூலை 4 அன்னிக்கு, 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்'ங்கிற அந்தப் பெரிய சட்டம் கையெழுத்தாகுது. இங்க நடக்கிற ஆராய்ச்சிச் செலவுக்கு 174ஏன்னு புதுப் பிரிவு, அந்த வருஷமே முழுசா கழிக்கலாம். வெளிநாட்டுல நடந்தா பழைய 15 வருஷம் அப்படியே இருக்கு.

2025 கணக்கு இது. வரவு 7 லட்சம். இங்க சம்பளம், வாடகை, சர்வர் எல்லாம் சேர்த்து 3.5 லட்சம். சென்னைக்கு 3 லட்சம். பேங்க்ல மிஞ்சினது 50,000. ஆனா சென்னை 3 லட்சத்துல இந்த வருஷம் கழிக்க முடிஞ்சது 180 மாசத்துல 6 மாசம், வெறும் 10,000 டாலர். கே-1ல (பங்குதாரர் பங்கு லாபத்தைக் காட்டுற படிவம்) 3.4 லட்சம் லாபம்னு போகும். இதை அவர்கிட்ட எந்த வாயால சொல்றது?

என் கணக்கு சரியா? பழைய வருஷங்களைத் திருத்தி ஃபைல் பண்ணணுமா, இல்ல மிச்சத்தை 2025லயே எடுக்கலாமா? கலிபோர்னியாவுக்கு என்ன பண்ணணும்? அனுபவஸ்தர்கள் சொல்லுங்க. கம்பெனி ரிட்டர்ன் 1120-எஸ்ஸுக்குக் கெடு மார்ச் 16.

எடிசன் இட்லி (10 பிப்ரவரி, காலை 6.15)

கணக்கு சரி சிஸ்டர். என் க்ளையண்ட் ஒருத்தர் இதே கேள்வியை "சென்னைக்கு அனுப்பினா 25 சதவீத வரியாமே"ன்னு ஆரம்பிச்சார். அது போன செப்டம்பர்ல ஒஹையோ செனட்டர் பெர்னி மொரேனோ கொண்டுவந்த மசோதா, சட்டமில்லை. இன்னொருத்தர் அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புற பணத்துக்கு 1 சதவீதம் பிடிப்பாங்கன்னு பயந்துட்டார். ஜனவரி 1ல இருந்து அது வந்திருக்கு உண்மைதான். ஆனா ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர் செக் குடுத்து அனுப்பினாத்தான். பேங்க் அக்கவுண்ட்ல இருந்தோ இங்கத்த டெபிட் கார்டுலயோ போனா கிடையாது. பாதி சீசன் வாட்ஸ்அப்புக்கு மறுப்பு எழுதறதுலயே போகுது.

டல்லாஸ் பழைய கை (10 பிப்ரவரி, காலை 9.05)

அம்மா, 3.4 லட்சத்தை அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. அந்த ஆறு பேர் வருஷம் பூரா புதுசாத்தான் எழுதினாங்களா?

சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் எல்லாம் 174தான். ஆனா ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமுல வர்ற கோளாறைத் தேடிப் பிடிச்சு சரி பண்றது, டேட்டா மாத்திக் குடுக்கிறது, பல் டாக்டர் ஆபீஸ்ல உக்காந்து இன்ஸ்டால் பண்றது, சொல்லிக் குடுக்கிறது, இதெல்லாம் டெவலப்மென்ட் இல்லைன்னு ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித் துறை) நோட்டீஸ் 2023-63லயே இருக்கு. புது வசதியோ வேகமோ சேர்த்தாத்தான் 15 வருஷக் கூண்டு. அதனால மச்சான் கம்பெனி அனுப்பின பில்லைப் பார்க்காதீங்க, அதுல "டெவலப்மென்ட் சர்வீஸ்"னு ஒரே வரிதான் இருக்கும். ஜிராவுல (டெவலப்பருங்க வேலையைப் பதியுற சாஃப்ட்வேர்) இருந்து டிக்கெட் எல்லாத்தையும் எக்ஸெல்ல இறக்கச் சொல்லுங்க, மணிக்கணக்கோட. மூணுல ஒரு பங்கு பராமரிப்புன்னு காட்ட முடிஞ்சா 1 லட்சம் இந்த வருஷமே கழிஞ்சுடும். மீதி 2 லட்சத்துக்கு 6,667. கே-1 லாபம் சுமார் 2.43 லட்சத்துக்கு இறங்கிடும்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. மாநில வரி, வீட்டு வரிக் கழிவு உச்சவரம்பு 2025க்கு 40,000 ஆனது தெரியும். வருமானம் 5 லட்சம் தாண்டினா தாண்டினதுல 30 சதவீதம் வெட்டுவாங்க, 10,000 வரைக்கும் இறங்கும். 3.4ஐயும் 1.8ஐயும் கூட்டினா 5.2 லட்சம், வரம்பு 34,000 ஆயிடும். டிக்கெட்டைப் பிரிச்சீங்கன்னா 4.2 லட்சத்துக்குக் கிட்ட நிக்கும், 40,000 முழுசா கைக்கு வரும். சன்னிவேல்ல சொந்த வீடுன்னா அந்த 6,000 சும்மா இல்லை.

இப்ப பழைய பாக்கி. மூணு வருஷம் 12 லட்சத்துல கழிச்சது 40,000, 1.2 லட்சம், 2 லட்சம். மிச்சம் 8.4 லட்சம் இருக்கு. அதை 2025லயே மொத்தமா எடுக்கலாம், இல்ல 2025, 2026ன்னு 4.2 லட்சமாப் பிரிக்கலாம். சராசரி வரவு 3.1 கோடி டாலருக்குள்ள இருக்கிற சின்ன கம்பெனிக்கு மட்டும் மூணாவது வழி உண்டு, பழைய ரிட்டர்னைத் திருத்துறது. ஒரு வருஷத்தை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது, மூணையும் திருத்தணும்.

எல்லாரும் 2025ல போட்டு முடிச்சுடத்தான் பார்க்கறாங்க, வேலை கம்மின்னு. உங்க ஆளுக்கு அது நஷ்டம்னு என் மனசுக்குப் படுது. 2022ல மனைவி சம்பளமும் வராத லாபமும் சேர்ந்து 35 சதவீத அடுக்கைத் தொட்டிருப்பார். 2025ல அவர் பெரும்பாலும் 24லதான் நிக்கிறார். 35ல கட்டின பணத்தை 24லயும் 12லயும் திருப்பி வாங்குறது எதுக்கு? திருத்தினா ஐஆர்எஸ் வட்டியும் சேர்த்துக் குடுக்கும். ஆனா 199ஏ கழிவும் (சொந்தத் தொழில் லாபத்துக்குக் கிடைக்கிறது) கூடவே குறையும், அதையும் போட்டுப் பாருங்க. இன்னொரு சங்கடம் கைக்காசு. ரீஃபண்ட் எந்த மாசம் வரும்னு ஐஆர்எஸ்ஸுக்கே தெரியாது, 2025 வரி மட்டும் ஏப்ரல் 15 அன்னிக்கு டாண்ணு வந்து நிக்கும்.

அப்புறம் ஆராய்ச்சிக் கிரெடிட் (வரியிலயே நேரா குறையுற சலுகை) எடுத்திருக்காரா? எடுத்திருந்தா பழைய வருஷத்துல 280சி தேர்வு (கிரெடிட்டைக் குறைச்சு வாங்கிக்கிறது) பண்ணியிருக்க மாட்டாங்க, அப்ப தேவைப்படலை. திருத்துறப்போ செலவுல இருந்து கிரெடிட் தொகையைக் குறைக்கணும், இல்லைன்னா குறைச்ச கிரெடிட்டை இப்பத் தேர்வு பண்ணணும். ஐஆர்எஸ்ஸோட ரெவென்யூ புரொசீஜர் 2025-28 அதுக்கு இடம் குடுக்குது.

கெடு 2026 ஜூலை 6ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுவும், அந்த வருஷத்துக்கு ரீஃபண்ட் கேக்குற காலக்கெடுவும், ரெண்டுல எது முந்தி வருதோ அதுதான் கணக்கு. 2022 தனிநபர் ரிட்டர்னை எப்ப ஃபைல் பண்ணினார்?

ஃப்ரிமாண்ட்_கணக்கு (10 பிப்ரவரி, மதியம் 1.20)

சார், கோடி நன்றி. பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். 2022 ரிட்டர்ன் போனது 2023 அக்டோபர் 9. எக்ஸ்டென்ஷன் போடலை. அந்த வருஷம் புயல் மழைன்னு கலிபோர்னியாவுல பெரும்பாலான கவுன்ட்டிகளுக்குக் கெடுவைத் தள்ளி வச்சாங்களே, அதை நம்பி இருந்துட்டாங்க. கிரெடிட் எடுத்திருக்கார், 280சி இல்லை.

டல்லாஸ் பழைய கை (10 பிப்ரவரி, மதியம் 2.02)

ரீஃபண்ட் கேக்க அக்டோபர்ல இருந்து மூணு வருஷம் இருக்குன்னு நிம்மதியா உட்காராதீங்க அம்மா. சம்பளத்துல பிடிச்ச வரி 2023 ஏப்ரல்லயே கட்டினதாத்தான் சட்டம் பார்க்கும், அதுக்கு மூணு வருஷம் இந்த ஏப்ரலோட முடியுது. கெடுவைத் தள்ளி வைக்கிறதும் எக்ஸ்டென்ஷனும் ஒண்ணுன்னு வாதாடிக்கிட்டிருக்கிறதை விட, 2022க்கு உள்ள 1040-எக்ஸை (திருத்தின தனிநபர் ரிட்டர்ன்) இந்த ஏப்ரல் 15க்குள்ள தபால்ல சேர்த்துடுங்க. சர்டிஃபைடு மெயில், ரசீதோட. 23ஐயும் 24ஐயும் அதோட சேர்த்தே அனுப்புங்க.

சாக்ரமெண்டோ சிபிஏ (10 பிப்ரவரி, மாலை 5.30)

கலிபோர்னியா பத்தி யாரும் வாயைத் திறக்கலையே, அதனால வந்தேன். நம்ம மாநிலம் 2017 சட்டத்துல வந்த அஞ்சு வருஷ, 15 வருஷப் பிரிவினையை ஏத்துக்கவே இல்லை. போன அக்டோபர்ல எஸ்பி 711 கையெழுத்தாகி, ஃபெடரல் சட்டத்தை 2015 ஜனவரி தேதிப்படி பார்த்துக்கிட்டிருந்தவங்க 2025 ஜனவரிக்கு வந்தாங்க, அப்பவும் 174ஐத் தொடலை. ஜூலைச் சட்டம் அந்தத் தேதிக்கு அப்புறம் வந்தது, அதுவும் இங்க இல்லை.

அதனால கலிபோர்னியாவைப் பொறுத்தவரை உங்க ஆள் சென்னைச் செலவு 3 லட்சத்தையும் 2025லயே கழிக்கலாம், லாபம் பேங்க்ல இருக்கிற அதே 50,000தான். இதுல ஒரு பள்ளம் இருக்கு, போன வாரம் நானே விழத் தெரிஞ்சேன். ஃபெடரல்ல பழைய மிச்சத்தை 2025ல எடுத்தீங்கன்னா சாஃப்ட்வேர் அதைத் தானா மாநிலத்துக்கும் இழுத்துட்டு வந்துடும். மாநிலத்துல அந்தச் செலவை அந்தந்த வருஷமே கழிச்சாச்சு. கையால திருப்பிக் கூட்டலைன்னா ஒரே செலவை ரெண்டு தடவை கழிச்ச கணக்கு ஆயிடும்.

அதாவது, பழைய வருஷங்கள்ல கழிச்சிருந்தா. கழிச்சிருக்காங்களான்னு பார்த்தீங்களா?

ஃப்ரிமாண்ட்_கணக்கு (10 பிப்ரவரி, இரவு 10.15)

கழிக்கலை.

மூணு வருஷமும் எனக்கு முன்னாடி ரிட்டர்ன் போட்ட ஆள் ஃபெடரல் எண்ணை அப்படியே மாநிலப் படிவத்துல இறக்கி வச்சிருக்கார். கலிபோர்னியா அட்ஜஸ்ட்மென்ட் கட்டம் சுத்தமாக் காலி. 2022ல மட்டும் 3.6 லட்சம் கூடுதலா வருமானம் காட்டியிருக்கு. 9.3 சதவீதம்னு போட்டாலே 33,000 டாலருக்கு மேல, கம்பெனி மேல 1.5 சதவீதம் 5,400 தனி. ரெண்டு தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துட்டு எழுந்து போய்க் காபி போட்டுக்கிட்டு வந்தேன்.

சாக்ரமெண்டோ சிபிஏ (10 பிப்ரவரி, இரவு 10.40)

பதறாதீங்க. மாநிலத்துக்கு நாலு வருஷம் டைம் உண்டு, 2022 இன்னும் உயிரோட இருக்கு. ஃபெடரல்ல என்ன முடிவெடுத்தாலும் இது தனி வழக்கு, 174ஏவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. "மாநிலச் சட்டப்படி அந்த வருஷமே கழித்திருக்க வேண்டியது"ன்னு விளக்கத்துல எழுதுங்க, "புதிய ஃபெடரல் சட்டப்படி"ன்னு எழுதிடாதீங்க. எழுதினா மாநில வரித் துறையான பிராஞ்சைஸ் டாக்ஸ் போர்டு ஒரே கடிதத்துல திருப்பி அனுப்பிடும்.

எடிசன் இட்லி (11 பிப்ரவரி, காலை 6.30)

சின்னச் சந்தேகம் சிஸ்டர். மச்சான் கம்பெனின்னீங்க. அதுல நம்மாளுக்குப் பங்கு எதுவும் இல்லையே?

ஃப்ரிமாண்ட்_கணக்கு (11 பிப்ரவரி, இரவு 9.50)

இட்லி அண்ணா, உங்க வாய்ல சர்க்கரை போடறதா, மிளகாய்ப்பொடி போடறதான்னு தெரியலை. இன்னிக்கு ஜூம்ல கேட்டேன். "பங்கெல்லாம் இல்லக்கா, போன வருஷம் சும்மா 20 சதவீதம் என் பேர்ல எழுதி வச்சான்"ங்கிறார். சும்மாவாம்! வெளிநாட்டுக் கம்பெனியில பங்கு 10 சதவீதம் தொட்டாலே அதைத் தெரிவிக்கிற ஃபார்ம் 5471 போடணும், விட்டா 10,000 டாலர் அபராதம். 2025ல நடந்ததுங்கிறதால இந்த வருஷ ரிட்டர்னோடதான் போகணும், அந்த மட்டும் பிழைச்சோம்.

மத்ததும் சொல்லிட்டேன். முதல்ல ஃபெடரல் கெட்ட சேதி, அப்புறம் மாநில நல்ல சேதி. கெட்டது முடியிறதுக்குள்ளயே "அப்ப டீமை இங்க திருப்பிக் கூட்டிட்டு வந்துடவா"ன்னார். அங்க 3 லட்சத்துல ஆறு பேர், இங்க அதே காசுக்கு ரெண்டு பேர். வரிக்காக டீமை மாத்தாதீங்க, ஏற்கெனவே ஒரு தடவை மாத்திப் பட்டாச்சுன்னேன். மனைவி பக்கத்துல இருந்து சிரிச்சாங்க. பழைய வருஷங்களைத் திருத்துறதுன்னு முடிவு. ஏப்ரல் வரியைக் கட்ட வீட்டு மேல இருக்கிற கடன் வரம்புல இருந்து எடுக்கறாராம்.

ஜிரா எக்ஸெல்லும் வந்துடுச்சு. ஏறக்குறைய எல்லா டிக்கெட்டுக்கும் தலைப்பு "ஃபிக்ஸ்"தான். ஒண்ணு "சின்ன ஃபிக்ஸ்", மணிக்கணக்கு 140. பல் டாக்டர் ஒருத்தருக்கு ரெண்டு கிளினிக் இருந்தா ரெண்டுக்கும் ஒரே காலண்டர் தெரியுற மாதிரி பண்ணியிருக்காங்க. என் கண்ணுக்கு அது புது வசதி, 15 வருஷம். எழுதின பையன்கிட்டயே கேட்டுடறேன். அங்க இப்பத்தான் ஆபீஸுக்குள்ள நுழைஞ்சிருப்பான்.