மலைக்குக் கிளம்பும் முன்பே டயமாக்ஸ் போடலாமா?

முகில்வாணன்: விமானத்தில் போய் நேரே 3,500 மீட்டர் உயரத்தில் இறங்குகிறோம். தலைவலி, வாந்தி வராமலிருக்க முந்தின நாளே டயமாக்ஸ் மாத்திரை போடச் சொல்கிறார்கள். தேவையா?

கல்தச்சன்: தேவையே இல்லை. நிறையத் தண்ணீர் குடித்து மெதுவாக ஏறினால் உடம்பு தானாகப் பழகும். எதற்கெடுத்தாலும் மாத்திரையா? தினமும் ஓடிப் பழகிய உடம்பு என்றால் பயமே வேண்டாம்.

குறிஞ்சி: அவர் எங்கே ஏறுகிறார்? பறந்து போய் இறங்குகிறார்! உடம்பு பழக அவகாசமே இல்லை. ஓட்டப் பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திடகாத்திரமானவர்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார். தண்ணீரும் தாகத்துக்குக் குடித்தால் போதும். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே தலைவலியும் வாந்தியும் தரும்.

டயமாக்ஸ் சிறுநீர் வழியாக பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கொஞ்சம் கூட்டுகிறது. அதனால் மூச்சு கூடுகிறது, உடம்பு சீக்கிரம் பழகுகிறது. பெரியவர்களுக்கு 125 மி.கி. காலை, மாலை என்று முந்தின நாளே தொடங்குவது வழக்கம். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

கல்தச்சன்: அறிகுறியை மறைத்துவிடுமே, அது ஆபத்தில்லையா?

குறிஞ்சி: மறைக்காது. விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். அது மாத்திரையின் வேலை, பயப்பட வேண்டாம்.

கல்தச்சன்: சரி. ஆனால் மாத்திரை தைரியத்தில் மறுநாளே 4,500 மீட்டருக்குப் போகிறார்களே, அதுதான் என் கோபம். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. இதை யாரும் பேசுவதில்லை.

குறிஞ்சி: இதில் நான் உங்கள் பக்கம்தான். முகில், இறங்கியதும் நன்றாகத்தான் இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் தலை வலிக்கத் தொடங்கும். வலி இருக்கும்வரை மேலே போகாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள். மாத்திரையை நம்பி அங்கேயே படுத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

முகில்வாணன்: முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வு என்று திட்டத்தை மாற்றுகிறேன். நாளை மருத்துவரையும் பார்க்கிறேன்.

கல்தச்சன்: அந்த இரண்டு நாளையும் யார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், தம்பி.