பாலில் தண்ணி ஊத்தித்தான் நம்மள ஆளாக்கினாங்களா?

ரெண்டாம் டிவிஷன்:
நேத்து ராத்திரி செம்பனை லோரி அண்ணன் இங்க எழுதினதைப் படிச்சதிலிருந்து மனசு ஆறல. வீட்டில் பெரியவங்க பொய் சொல்லாம இருந்தாத்தான் பள்ளியில் சொல்றது பிள்ளை காதில் ஏறும்னு நன்னெறி டீச்சர் போட்டிருந்தாங்க. அதுக்கு அண்ணன் பதில்: "சுங்கை சிப்புட்ல உண்மை பேசுற பிள்ளைதான் முதல்ல ஏமாறும். நம்ம தாத்தா பாட்டிங்க ரப்பர் பாலில் தண்ணி ஊத்தித்தான் நம்மள ஆளாக்கினாங்க. அரிச்சந்திரனா இருந்திருந்தா இன்னும் தோட்டத்து லயத்து வீட்டுலதான் கிடந்திருப்போம்."

எங்க அம்மா கல்யாணம் ஆனதிலிருந்து தோட்டம் செம்பனைக்கு மாறுற வரைக்கும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவங்க. இருட்டுல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போயி, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு மர நிரையில இறங்கி, வெயில் ஏறினதும் மங்கு மங்கா பாலை வழிச்சி ஊத்தி, காண்டா கம்புல ரெண்டு வாளியையும் மாட்டித் தூக்கிட்டு ஸ்டோருக்கு நடப்பாங்க. தோள்பட்டையில காய்ப்பு காய்ச்சிக் கிடக்கும். அந்த வாளியில ஒரு சொட்டுத் தண்ணி அவங்க ஊத்தினதில்ல. யார் ஊத்தினா? எந்தத் தோட்டம்? எந்த நிரை? சொல்லுங்க.

செம்பனை லோரி:
தங்கச்சி, உங்க அம்மாவையா சொன்னேன்? பொதுவாச் சொன்னேன். எங்க பெரியப்பாவே ஊத்தினேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்காரு. தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி எடையில அடிச்சான், இவங்க வாளியில அடிச்சாங்க, கணக்கு நேராப் போச்சி. விஷயத்துக்கு வாங்க. என் மகன் நாலாம் ஆண்டு. கடையில மிச்சக் காசு கூட வந்தா திருப்பிக் கொடுத்திட்டு வர்றான், கடைக்காரன் குறைச்சிக் கொடுத்தா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். பெரிய ஆளானதும் இவன் எப்படிப் பிழைப்பான்னு ஒரு தகப்பனுக்குக் கவலை இருக்கக் கூடாதா?

ரெண்டாம் டிவிஷன்:
குறைஞ்சா கேளுடான்னு சொல்லிக் கொடுங்க. அதுக்குப் பேரு தைரியம். அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரியாம செத்துப் போன கிழவிங்க வாளியில ஏன் தண்ணி ஊத்துறீங்க? பெரியப்பா சொன்னாரு, சித்தப்பா சொன்னாருங்கிறதெல்லாம் சாட்சி இல்ல. எந்தத் தோட்டம்?

பழைய கிராணி:
"கிராணி எடையில் அடித்தான்" என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதைக் கண்டிக்கிறேன். நான் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவன். தொழில் தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துப் பாலில் ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். தோட்டம் கணக்கில் எடுத்தது வாளியின் எடையை அல்ல, அதிலுள்ள உலர்ந்த ரப்பரை. பாலில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விடுவோம். ரப்பர் தண்ணீரைவிட லேசு. தண்ணீர் கலந்தால் பால் கனத்துக் கருவி மேலே எழும்பும், அளவு குறைவாகக் காட்டும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பாலை எடுத்து ஆசிட் விட்டு உறைய வைத்து, அழுத்திக் காய வைத்து நிறுப்போம்.

20 கிலோ பால், நூற்றுக்கு 35 என்றால் உலர் ரப்பர் 7 கிலோ. அதில் 5 கிலோ தண்ணீர் ஊற்றுங்கள். 25 கிலோ, ஆனால் நூற்றுக்கு 28. பெருக்கிப் பாருங்கள், அதே 7 கிலோ. ஊற்றியவனுக்குச் சுமைதான் மிச்சம்.

ரெண்டாம் டிவிஷன்:
பாத்தீங்களா அண்ணே! ஸ்டோர்ல நின்னவரே சொல்லிட்டாரு. ஊத்தினாலும் ஒரு சென் கூட வராது. வராத காசுல உங்களை எப்படி ஆளாக்கினாங்க?

செம்பனை லோரி:
கிராணி ஐயா தாளில் கணக்குப் போடுறாரு. நூறு பேர் வரிசையில நிக்கும்போது ஒவ்வொரு வாளியிலயும் மெட்ரோலாக் விட்டு, குனிஞ்சி பார்த்து எழுதினீங்களா ஐயா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. மொத்தத்துக்கு ஒரு அளவு போட்டு எழுதின தோட்டம் எத்தனை? அங்கதான் தண்ணி காசாச்சி. சிறு தோட்டக்காரங்க சீனன் கடையில போட்ட, உறைஞ்சி கட்டியான கட்டிப்பாலை அறுத்துப் பாருங்க, உள்ள மண்ணும் கல்லும் இருக்கும். ஊர் உலகமே அப்படித்தான் வாழ்ந்திச்சி.

ரெண்டாம் டிவிஷன்:
தண்ணியைக் கேட்டா கல்லைக் காட்டுறீங்க. கட்டிப்பால் வித்தவன் நிலத்துக்காரன், எங்க அம்மா நிலத்துக்காரி இல்ல. எந்தத் தோட்டம்னு மூணாவது தடவையா கேக்குறேன்.

ஜாலோங் ரோட்டுப் பையன்:
அக்கா, எங்க பாட்டி சொன்னது வேற. மங்குல பால் சொட்டிக்கிட்டு இருக்கும்போதே மழை பிடிச்சா தண்ணி தானாக் கலந்திடுமாம். அதைக் கொட்டவும் மனசு வராது, கொண்டு போனா வேலையை மேற்பார்க்கிற தண்டல் திட்டுவாராம். இந்த "தண்ணிப் பால்" பேச்சே அங்கேர்ந்து வந்திருக்கலாம் லா.

ஆனா இப்ப நடக்கிறதைப் பேசுங்களேன். என் கூடப் படிச்சவன் ஒருத்தன் பேங்க் கார்டையும் பின் நம்பரையும் யாருக்கோ வாடகைக்குக் கொடுத்தான். மாசம் சில நூறு வெள்ளி, வேலை ஒண்ணும் இல்லைன்னாங்க. ஏமாந்தவங்க காசு அவன் கணக்கு வழியாப் போயிருக்கு. இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலையுறான். ஏமாந்தவங்க உடனே கூப்பிட 2022-லேர்ந்து 997 நம்பர் இருக்கு. தெரியாமப் பொய்க்குத் துணை போற எங்களை மாதிரிப் பசங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போறீங்க?

ரெண்டாம் டிவிஷன்:
தம்பி, மழைத் தண்ணி வேற, ஊத்தின தண்ணி வேற. வானம் ஊத்தினதுக்கு எங்க அம்மா பொறுப்பில்ல. அண்ணன் எழுதினது "ஊத்தி". அந்த வார்த்தையை அவர் எடுக்கட்டும்.

நன்னெறி டீச்சர்:
அன்புடையீர், நான் எழுதியது ரப்பர் பாலைப் பற்றி அல்ல. போன வாரம் ஒரு மாணவி திட்டப்பணி கொண்டுவந்தாள். அட்டையில் வீடு, உள்ளே பேட்டரி விளக்கு, ஒயர் எல்லாம் பெரியவர் கை வேலை. "நீயே செய்தாயா?" என்றேன். வாசலில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமாம் டீச்சர்" என்றாள். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை என் பாடநூலால் அழிக்க முடியாது.

2014-இல் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆர் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்தன. செப்டம்பர் 30-இல் நாடு முழுவதும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். தாளைத் திருடியவன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையா? படித்து எழுதிய பிள்ளைகளும் சேர்ந்துதானே அழுதார்கள்? 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஆனால் "எப்படியாவது ஏ வாங்கு" என்ற வீட்டுப் பேச்சை யார் எடுப்பது?

செம்பனை லோரி:
டீச்சர், அதையேதான் நானும் சொல்றேன்! மேலே இருக்கிறவன் திருடுறான், கீழே இருக்கிற பிள்ளை அழுவுது. 42 மில்லியன் வெள்ளி வழக்குல முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 12 வருஷம் ஜெயில் போட்டாங்க. 2024-ல அது 6 ஆச்சி. என் மகன் டிவியில பார்த்திட்டு, "ஏம்ப்பா குறைச்சாங்க?"ன்னு கேட்டான். நான் என்ன சொல்ல? வள்ளுவரே "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்"னு இடம் விட்டுத்தான் வச்சிருக்காரு.

நன்னெறி டீச்சர்:
அடுத்த குறளையும் படித்துவிட்டு வாருங்கள். "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்." பிள்ளை சிறைக் கணக்கைக் கேட்கவில்லை ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான்.

ரெண்டாம் டிவிஷன்:
கிராணி ஐயா, மெட்ரோலாக் விளக்கத்துக்கு நன்றி. ஆனா "கண்டிக்கிறேன்"னு ஆரம்பிச்சீங்களே, அதை விட முடியாது. எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினம் ஸ்டோர்ல கூவுற ராத்தல் எடையைக் காதுல வாங்கிக்கிட்டு வந்து, சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால கரித்துண்டால கோடு போடுவாங்க. பத்துக்கு ஒரு நீளக் கோடு, ஒண்ணுக்கு ஒரு குட்டைக் கோடு. சம்பளத்தன்னைக்கி அப்பா கூட்டிப் பார்ப்பாரு. சீட்டுல இருக்கிறது எப்பவும் கதவைவிடக் குறைச்சல். ஒரு மாசமாவது கூடுதலா இருந்திச்சா? இல்ல. பொய் எழுதத் தெரிஞ்சவங்க கையில பேனா இருந்திச்சி, எங்க வீட்ல கரி இருந்திச்சி. தண்ணி ஊத்தினாங்கன்னு எங்களைச் சொல்றதுக்கு முன்னால அதைப் பேசுங்க.

பழைய கிராணி:
அம்மா, ஸ்டோரில் கூவுவது ஈர எடை, சீட்டில் வருவது உலர் எடை. குறையத்தான் செய்யும். முப்பது பேர் கூச்சலில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே திருடர் கூட்டமாக்குவது நேர்மையா? இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?

ரெண்டாம் டிவிஷன்:
ஈரம் உலர்வு ரெண்டையும் எங்க அப்பாவுக்குத் தெரியும். கூட்டிக் கழிச்சித்தான் சொன்னாரு. இதே ஜனங்கதான் 1960-ல அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் வாங்குறதுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப, மாசம் பத்து வெள்ளியா எண்ணிக் கொடுத்து நூறு வெள்ளிப் பங்கு வாங்கினாங்க. ஏமாத்துற மனசு உள்ளவன் அடுத்தவனை நம்பிக் காசு கொடுக்க மாட்டான். அவங்க நம்பினாங்க. ஏன்னா அவங்க வாளி சுத்தம்.

செம்பனை லோரி:
நம்பிக் கொடுத்த கதையை என்கிட்ட சொல்லாதீங்க. வேற ஒரு பங்குத் திட்டத்துல எங்க அம்மா தாலிக்கொடியை அடகு வச்சிப் போட்ட காசு பாதி கூடத் திரும்பல. தலைவரு மேடையில நின்னு சத்தியம் பண்ணித்தான் வாங்கினாரு. எங்க அம்மா நேர்மைக்குக் கிடைச்சது அந்தச் சீட்டுக் காகிதம்தான். அந்தக் காகிதத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் மகனும் அப்படியே நிக்கணுமா?

ரெண்டாம் டிவிஷன்:
அம்மா ஏமாந்தாங்க, ஏமாத்தல. அதை நெனைச்சிப் பெருமைப்படுங்க. சரி, லோரியைப் பேசுவோம். பழுத்த செம்பனைக் குலையை மேலே அடுக்கி, பச்சைக் குலையை அடியில போட்டு எண்ணெய் மில்லுக்கு ஏத்துறது யாரு? லோரியை எடை போடுற தீம்பாங்குக்கு முன்னால குலை மேல தண்ணி பீய்ச்சுறது யாரு? தண்ணி ஊத்துற பழக்கம் எந்தத் தொழில்ல இருக்குன்னு ஊருக்கே தெரியும்.

செம்பனை லோரி:
வார்த்தையை அளந்து பேசுங்க. நான் ஏத்துறவன் இல்ல, ஓட்டுறவன். மில்லில கிரேடிங் பண்றவன் குலையைக் கீழே தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறான், பச்சை இருந்தா கழிக்கிறான். என் லோரியில தண்ணி பீய்ச்சினதை யாராவது பார்த்தாங்களா?

ரெண்டாம் டிவிஷன்:
பொதுவாச் சொன்னேன் அண்ணே.

ஜாலோங் ரோட்டுப் பையன்:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. அவனுக்கு அடுத்த வாரம் கோர்ட்.

பழைய கிராணி:
"பேனா வைத்திருந்தவர்கள் பொய் எழுதினார்கள்" என்பதை அந்த அம்மா திரும்பப் பெறும் வரை நான் இங்கிருந்து நகர மாட்டேன்.

செம்பனை லோரி:
என் கிரேடிங் சீட்டைப் போட்டோ எடுத்துப் போடுறேன், ஒரு மாசத்துது. அந்தக் கரிக் கோடு போட்ட கதவை நீங்க போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்.

ரெண்டாம் டிவிஷன்:
லயத்தை இடிச்சப்ப கதவும் சேர்ந்து போச்சி. கம்பெனிகிட்ட கேளுங்க, எந்த லோரியில ஏத்தினாங்கன்னு. உங்க சீட்டைப் போடுங்க, மில் பேரை மறைச்சிட்டுப் போடுங்க. கிராணி ஐயா, நானும் நகர மாட்டேன்.