ரத்த வங்கியிலிருந்து வந்த போன்

*குழு: தாத்தா வீடு*

பெரியப்பா 9:12
போன மாத முகாமில் ரத்தம் கொடுத்தேனே, அந்த ரத்த வங்கியில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறதாம். இனிமேல் கொடுக்க வேண்டாமாம். இதோடு 27 தடவை. இதுவரை ஒருவரும் எதுவும் சொன்னதில்லை.

செல்வி அத்தை 9:14
ஐயோ அண்ணா! காமாலையா? கண் மஞ்சளாக இருக்கிறதா?

பெரியப்பா 9:15
கண் நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பர்தான் சரியில்லை.

சித்தப்பா 9:21
போன வருஷம் நெகட்டிவ் என்று நீங்கள்தானே இங்கே போட்டீர்கள்? லேப் குளறுபடி அண்ணே. வேறு இடத்தில் பார்ப்போம்.

குமார் 9:22
மாமா, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துப் போடுங்கள். மீனா டியூட்டி முடிந்து பார்ப்பாள்.

பெரியப்பா 9:30
📷 போட்டோ

மீனா 10:47
பார்த்தேன் பெரியப்பா. இரண்டு வரி இருக்கிறது. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ். கீழே நாட் (NAT) என்ற மரபணு டெஸ்ட், அது ரியாக்டிவ், அதாவது வைரஸ் தட்டுப்பட்டிருக்கிறது. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

சித்தப்பா 10:48
அதெப்படிம்மா? இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

மீனா 10:55
எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸ் போட்டிருக்கும் சட்டை மாதிரி, சித்தப்பா. ப்ளம்பெர்க் என்பவர் 1960களில் கண்டுபிடித்தது, 1976இல் நோபல் வாங்கினார். இங்கே எல்லா ரத்த வங்கியும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் சிலருக்கு வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் பதுங்கிவிடும். ரத்தத்தில் சட்டை தட்டுப்படாது, மரபணு மட்டும் துளியூண்டு இருக்கும். நாட் அந்த மரபணுவையே பெருக்கிப் பார்க்கிறது. நாட் இங்கே கட்டாயமில்லை, செலவும் அதிகம்.

பெரியப்பா 10:58
ஆமாம், இந்தத் தடவை முகாமுக்கு வந்தது வேறு ரத்த வங்கி.

மீனா 11:01
அதுதான் விஷயம். ஆனால் இது புதிதாகத் தொற்றி, சட்டை தெரிய ஆரம்பிக்காத கட்டமாகவும் இருக்கலாம். கோர் ஆன்டிபாடி, அதாவது இந்த வைரஸ் வந்தால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், அதைப் பார்த்து, சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் பிரித்துச் சொல்லிவிடலாம்.

பெரியப்பா 11:04
எனக்கு எப்படி வந்திருக்கும்? குடி கிடையாது, எதுவும் கிடையாது.

மீனா 11:06
குடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், சின்ன வயதில் சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியில் வந்திருக்கலாம். குழந்தைகளுக்கான தடுப்பூசி நாடு முழுக்க வந்ததே 2011இல்தான்.

செல்வி அத்தை 11:09
தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கச் சொல்லட்டுமா அண்ணியிடம்? கொல்லையில் கீழாநெல்லி இருக்கிறது, பறித்து அனுப்புகிறேன்.

மீனா 11:13
தட்டெல்லாம் வேண்டாம் அத்தை, சாப்பாட்டில் பரவாது. ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனி. கீழாநெல்லியை வைத்து நம் சென்னையிலேயே ஆய்வு நடந்தது, பலருக்கு அந்தச் சட்டை மறைந்ததாக 1988இல் வெளியானது. அதே ப்ளம்பெர்க்கும் அதில் உண்டு! ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை.

செல்வி அத்தை 11:14
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா 11:41
மீனா, ஒன்று கேட்கிறேன். பூசி மெழுகாமல் சொல். முன்னால் கொடுத்த 26 பாட்டிலும் யாருக்கோ ஏறியிருக்குமே?

மீனா 11:52
ஏறியிருக்கும் பெரியப்பா. இந்த மாதிரி மறைந்திருக்கும் தொற்றில் வைரஸ் மிகக் குறைவு, சட்டை தெரிகிறவர்களிடமிருந்து பரவுகிற அளவுக்குப் பரவாது. ரத்தம் வாங்கியவர் தடுப்பூசி போட்டவராக இருந்தால் இன்னும் பாதுகாப்பு. ஆனால் பரவவே பரவாது என்று நான் சொல்ல மாட்டேன். எந்தெந்த ரத்த வங்கி, எந்தத் தேதி என்று எழுதித் தாருங்கள். பழைய பதிவில் தேடி, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்போம். நானும் கூட வருகிறேன்.

பெரியப்பா 11:54
கார்டு எல்லாம் பீரோவில் இருக்கிறது. எடுத்து வைக்கிறேன்.

குமார் 11:58
அந்தக் கோர் ஆன்டிபாடியையே எல்லா டோனருக்கும் பார்த்துவிட்டால் என்ன?

மீனா 12:05
அமெரிக்காவில் பார்க்கிறார்கள். இங்கே சின்ன வயதில் வந்து தானாகச் சரியானவர்கள் ஏராளம், அவர்களுக்கும் அது பாசிட்டிவ் காட்டும். அத்தனை பாட்டிலையும் கொட்டிவிட்டு ரத்தத்துக்கு எங்கே போவது? நாட் டெஸ்டிலும் சிக்கல் உண்டு. பல பேர் ரத்தத்தைக் கலந்து பார்த்தால் ஒருவரின் துளி வைரஸ் குடத்துத் தண்ணீரில் போட்ட உப்புக்கல்லாகிவிடும். ஜப்பானில் 1999இல் 500 பேருடையதைக் கலந்து ஆரம்பித்தார்கள். பிறகு 50, 20 என்று குறைத்து, 2014இல்தான் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மீனா 12:07
பெரியப்பா, கல்லீரல் டாக்டரைப் பாருங்கள். பலருக்கு மாத்திரைகூடத் தேவைப்படாது. ஆனால் பின்னால் எப்போதாவது கேன்சர் மருந்தோ ஸ்டீராய்டோ எடுக்க வேண்டி வந்தால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். எதிர்ப்புச் சக்தி இறங்கினால் தூங்குகிற வைரஸ் எழுந்துவிடும். பெரியம்மாவும் அண்ணன்களும் டெஸ்ட் எடுக்கட்டும். தொற்று இல்லையென்றால் தடுப்பூசி: இப்போது ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

சித்தப்பா 12:10
சனிக்கிழமை எல்லோரும் போய்விடலாம். நானும் எடுத்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

மீனா 12:11
இந்த டெஸ்டுக்கு வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.

செல்வி அத்தை 12:13
அப்போது காலை இட்லி நம் வீட்டில். அண்ணா, நீங்களும்தான். வழக்கமான தட்டுதான்.