ஹம்டன் லேன் குடும்பம் (23 பேர்)

வத்சலா மாமி: பிள்ளையள் என்ட கைப்பையை ரயில்ல விட்டிட்டன். பச்சை ரயில். டோக்கியோவில உவேனோ ஸ்டேஷனில நிக்கிறம். என்ன செய்யிறது

சுகந்தி: ஐயோ மாமி!! பாஸ்போட்?

வத்சலா மாமி: மாமான்ட சேட் பொக்கெற்றில. பைக்குள்ள 40,000 யென், ஐசி (அடையாள அட்டை), மாசிச் சம்பல் போத்தல், சங்கிலி

பெரியம்மா: எந்தச் சங்கிலி

சுகந்தி: பெரியம்மா இப்ப வேண்டாம்

பெரியம்மா: கேட்டா என்ன? அம்மான்ட சங்கிலிதானே. ஞாயிறு கலியாண எழுத்துக்கு ரம்யாவுக்குப் போடுறது எண்டு சொல்லிப்போட்டு அதை ஜப்பானுக்குக் கொண்டுபோவினமோ

ரகு அண்ணை: எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. மாமி, பச்சை எண்டால் யமனோத்தே லைன். வட்டப் பாதை, 30 ஸ்டேஷன், ஒரு சுத்துக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பை தன்பாட்டில சுத்திக்கொண்டிருக்கும், பின்னால ஓடவேண்டாம். டிக்கட் கேட்டுக்குப் பக்கத்தில கண்ணாடி ஜன்னலில ஆள் இருப்பார். அவரிட்ட நாலு விசயம் சொல்லவேணும்: ஏறின ஸ்டேஷன், இறங்கின நேரம், எந்தப் பக்கம் போற ரயில், எத்தினையாவது பெட்டி. இது தெரிஞ்சாத்தான் முன்னுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி ஆள் ஏறிப் பாக்கேலும். பெட்டி தெரியாட்டி 11 பெட்டியும் தேடவேணும், ரயில் ஒரு ஸ்டேஷனில நிக்கிறது கொஞ்ச நேரம்தான்.

வத்சலா மாமி: சின்ஜுகுவில ஏறினது. பெட்டி தெரியாது

ரகு அண்ணை: சின்ஜுகுவில இருந்து இக்கெபுக்குரோ வழியா உவேனோ எண்டால் வெளிவட்டம், எந்தப் பக்கம் எண்டு கேட்டா அதைச் சொல்லுங்கோ. பெட்டி நம்பர் பிளாட்போம் தரையில கதவுக்கு நேர எழுதியிருக்கும். இறங்கின இடத்தில போய் நிண்டு பாருங்கோ. மாமா இறங்கின உடன போட்டோ எடுத்திருப்பார், அதில நேரம் இருக்கும்.

சிவா மாமா: 👍

குமார்: காசோட பை. கிடைச்ச மாதிரித்தான் 😂

ரகு அண்ணை: குமார், 2019இல 40 நாட்டில 17,000க்கு மேல பர்சை, ஆரோ தொலைச்சது எண்டு சொல்லிக் குடுத்துப் பாத்த ஆய்வு ஒண்டு வந்தது. காசில்லாத பர்சைவிடக் காசு உள்ள பர்சுதான் கூடத் திரும்பினது. ஜப்பானில ஆக்கள் நல்லவை எண்டது மட்டுமில்லை, ஒழுங்கும் இருக்கு. ரோட்டில எடுத்ததை 7 நாளுக்குள்ள பொலிசிட்ட, ரயில்ல கடையில எடுத்ததை 24 மணித்தியாலத்துக்குள்ள அங்கத்தை ஆளிட்ட குடுத்தாத்தான் எடுத்தவருக்கு உரிமை. 3 மாதத்தில சொந்தக்காரர் வராட்டி சாமான் எடுத்தவருக்கே. ஐசி, போன் மாதிரிச் சாமானுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. ஒளிச்சா ஒரு வருசம் வரை சிறை. கொபான் எண்ட சின்னப் பொலிஸ் பெட்டி சந்திக்குச் சந்தி இருக்கு, குடுக்கிறது சுகம். ஆனா குடையும் சைக்கிளும் அங்கயும் களவு போகும்.

சுகந்தி: இஞ்ச கொழும்பில வெள்ளவத்தைப் பொலிசில முறைப்பாட்டு என்றி போடவே அரை நாள்

குமார்: 155 பஸ்ஸில குடையை விட்டுப்பாருங்கோ

பெரியம்மா: இடியப்பம் 300ஆ 350ஆ? கேட்டரிங்காரன் கேக்கிறான்

சுகந்தி: 350. சின்ன மாமா ஆக்களும் வருவினம்

பெரியம்மா: அவை வருவினமோ 🙄

வத்சலா மாமி: கிடைச்சா எடுத்த ஆளுக்கு எவ்வளவு குடுக்கிறது?

ரகு அண்ணை: சட்டப்படி பெறுமதியில 5 தொடக்கம் 20 வீதம். ரயில்ல எடுத்ததால பாதி எடுத்தவருக்கு, பாதி ரயில் கம்பனிக்கு. 40,000 யென்னுக்கு எடுத்தவரின்ட பங்கு 1,000 தொடக்கம் 4,000. சங்கிலியின்ட பெறுமதியும் கணக்கில சேரும். கனபேர் வேண்டாம் எண்டுடுவினம். ஜன்னல் ஆளிட்டயோ பொலிசிட்டயோ காசு நீட்டவேண்டாம், வாங்கமாட்டினம், அவைக்குத்தான் சங்கடம். சங்கிலியின்ட நீளம், கொளுக்கி, பதக்கம் எல்லாம் விபரமாச் சொல்லவேணும். மாசிச் சம்பலை மறந்திடுங்கோ, சாப்பாட்டுச் சாமான் கனநாள் வச்சிருக்கமாட்டினம்.

பெரியம்மா: கொளுக்கி எஸ் மாதிரி. 3 பவுண். எனக்குத் தெரியும் எல்லாம்

வத்சலா மாமி: 7ஆம் பெட்டி எண்டு சொன்னம். அவர் போனில கதைக்கிறார்

சுகந்தி: பிள்ளையாரே 🙏

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுகந்தி: என்ன அழிச்சனீ

ரகு அண்ணை: வியாழன் பிளைட்டுக்கு முன்னம் கிடைக்காட்டி ஆரும் அங்க இருந்து எடுக்கவேணும். ஸ்டேஷனில கொஞ்ச நாள்தான் வச்சிருப்பினம், பிறகு பொலிசுக்கு, டோக்கியோவில ஈடபாஷி நிலையத்துக்குப் போகும். அது சனி ஞாயிறு பூட்டு. மாமி கையெழுத்து வச்ச அதிகாரக் கடிதமும் பாஸ்போட் கொப்பியும் விட்டிட்டு வாங்கோ. இஞ்ச அனுப்புவினம் எண்டு நம்பி இருக்கேலாது. சின்ன மாமான்ட மகன் டோக்கியோவுக்குப் பக்கத்தில சயிட்டாமாவில இருக்கிறான்தானே?

குமார்: அவனிட்ட ஆர் கேக்கிறது?

பெரியம்மா: லேன் வீட்டுக் கணக்கு முடியாமல் ஆரும் ஆரிட்டயும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை

சிவா மாமா: அக்கா

ரகு அண்ணை: நம்பரை ஆரும் போடுங்கோ, கதையை நான் பாக்கிறன். மாமி, ஐசிக்கு இப்பவே அலையவேண்டாம். கிடைக்காட்டி இஞ்ச வந்து பொலிஸ் என்றி, பிறகு கிராம சேவகரின்ட கையெழுத்து.

வத்சலா மாமி: அரை மணித்தியாலம் இருக்கச் சொல்லியிருக்கு

பெரியம்மா: 300 எண்டு சொல்லிட்டன்

சுகந்தி: பெரியம்மா!!