புதுப்பிப்பு: மகளின் அண்ணப்பிளவு, சத்திரசிகிச்சை முடிந்தது

பிறந்து மூன்று நாளான மகளுக்கு அண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில், பிளவு, பால் மூக்கால் வருகிறது, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது அவளுக்குப் பதினொரு மாதம். போன கிழமை கொழும்பிலேயே சத்திரசிகிச்சை நடந்தது. நலமாக இருக்கிறாள்.

பாலூட்டல்தான் பெரும்பாடு. அண்ணம் மூடாததால் வாய்க்குள் உறிஞ்சும் விசை வராது. சப்பிச் சப்பியே பிள்ளை களைத்துவிடும், வயிறு நிறையாது. தாய்ப்பாலைப் பிழிந்தெடுத்து, அழுத்தினால் பால் வரும் மென்மையான போத்தலில், நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தோம். அப்புறம்தான் எடை ஏறியது.

பேச்சு நன்றாக வருவதற்காக, பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் அண்ணத் தசைகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். நடுக்காதில் நீர் தேங்கலாம் என்பதால் காதையும் விடாமல் பார்க்கவேண்டும்.

வெள்ளவத்தை மாமி ஒருவர், கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அன்றிரவு முழுக்க அவள் அழுதாள். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரங்களுக்குள் அண்ணத்தின் இரு பக்கமும் நடுவில் இணையவேண்டும், இணையவில்லை, அவ்வளவுதான். தயவுசெய்து தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அடுத்த மாதம் கேட்டல் பரிசோதனை. முடிந்ததும் எழுதுகிறேன்.